ரிஹர்சல் டின்னர்: மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு, 42 பேர், டல்லாஸ். எப்படித் திட்டமிடுவது?

பிளேனோ_அம்மா (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். மகன் கல்யாணம் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. பெண் வீட்டார் அமெரிக்கர்கள், டெக்சஸ்காரர்கள். காலை 9 மணிக்கு நம் முறைப்படி முகூர்த்தம். மாலை 4:30க்கு அதே இடத்தில், தோட்டத்தில், பாதிரியார் வைத்து அவர்கள் முறைக் கல்யாணம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிஹர்சல், அதாவது கல்யாண ஒத்திகை, அது முடிந்து டின்னர். அந்த டின்னரை மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பதுதான் இங்கே வழக்கம் என்று சம்பந்தியம்மா சொல்லியிருக்கிறார்.

இப்போதைக்குக் கணக்கு: மணமக்கள் 2, தோழர் தோழியர் 10, அவர்களுடைய துணைகள் 6, இரு பக்கப் பெற்றோர் 4, உடன்பிறந்தவர்கள் ஜோடியாக 4, தாத்தா பாட்டிகள் 3, வாத்தியாரும் பாதிரியாரும் மனைவியரோடு 4, ரொம்ப நெருங்கிய சித்தப்பா மாமா வகையறா 9. ஆக 42. இதற்கு வெளியே ஊரிலிருந்தும் மற்ற மாநிலங்களிலிருந்தும் வருகிற சொந்தம் இன்னும் 26 பேர். அவர்களை விட்டால் பேச்சு வரும்.

42 பேருக்குத்தானே, வீட்டுத் தோட்டத்திலேயே தோசை போட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். ரெஸ்டாரண்ட் என்கிறான் மகன். இடம், சாப்பாடு, நேரம், யார் யார் பேசுவது, எல்லாவற்றுக்கும் யோசனை வேண்டும்.

ஒத்திகை_ஒழுங்கு

அக்கா, சாப்பாடு பிறகு. முதலில் மணிக்கணக்கைப் பிடியுங்கள், மற்றதெல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

சனிக்கிழமை 9 மணி முகூர்த்தம் என்றால் பெண்ணுக்கு மேக்கப் 5 மணிக்கே ஆரம்பம். தோழிகளுக்கும் புடவையா? கட்டிவிட ஒரே ஒருவர்தான் இருந்தால் ஆளுக்குப் பதினைந்து நிமிடம், ஐந்து பேருக்கு 75 நிமிடம். ஆகவே வெள்ளி இரவு 8:30க்கு டின்னர் முடிந்தே ஆக வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: 8 மணிக்கு இனிப்பு, 7:15க்கு பேச்சு, 6:30க்கு சாப்பாடு, 6:15க்கு எல்லோரும் நாற்காலியில். ஒத்திகை 4:30க்குத் தொடங்கி 5:45க்குள் முடிய வேண்டும். எல்லோரிடமும் 4:15 என்றே சொல்லுங்கள். அக்டோபர் நடுவில் டல்லாஸில் ஏழு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும், தோட்டத்து ஒத்திகையைத் தள்ளிப்போட முடியாது. டின்னர் இடம் மண்டபத்திலிருந்து கால் மணி நேரத்துக்குள் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு டோல்வேயில் (சுங்கச் சாலையில்) 12 கார்கள் ஒன்றாகப் போய்ச் சேரும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

ஒத்திகையில் பெரும்பாலோர் செய்யும் தப்பு, வாசலிலிருந்து நடந்து வரச் சொல்லி ஆரம்பிப்பது. எங்கே போய் நிற்கப்போகிறோம் என்றே தெரியாதவர்கள் பாதி வழியில் தயங்குவார்கள், பின்னால் வருபவர் முட்டுவார், மூன்று தடவை திரும்ப நடக்க வைத்தாலும் சரியாகாது. நடுவிலிருந்து தொடங்குங்கள். முதலில் எல்லோரையும் மேடையில் அவரவர் இடத்தில் நிறுத்துங்கள். யார் பூச்செண்டை வாங்கிக்கொள்வது, மோதிரம் யார் கையில், எப்போது உட்காருவது, இதெல்லாம் அங்கேயே முடியட்டும். அடுத்து அந்த இடத்திலிருந்து வெளியேறும் வரிசை. கடைசியாகத்தான் உள்ளே வரும் வரிசை. அப்போது எல்லோருக்கும் போய் நிற்க வேண்டிய இடம் காலுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு சுற்று போதும், 40 நிமிடம்.

நம் முறைக்கு முழு ஒத்திகை வேண்டாம், நாலு இடம் மட்டும், 20 நிமிடம். மாலை மாற்றுவது, ஊஞ்சல், கன்னிகாதானம், தாலி முடிச்சு. பெண்ணின் அப்பாவுக்கு எதையும் வலது கையால் கொடுப்பதும் வாங்குவதும் என்று இப்போதே சொல்லிவையுங்கள், முகூர்த்த நேரத்தில் வாத்தியார் சொல்லி அவருக்குப் புரியப் போவதில்லை. மூன்றாவது முடிச்சு நாத்தனார் போடுவதாக இருந்தால் அவர் எங்கே நிற்கிறார், போட்டோகிராபர் எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் தாலி கட்டும் படத்தில் நாத்தனார் முதுகு மட்டும்தான் இருக்கும். ஒன்றரை மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து பழக்கமில்லாத பெண், அவளைப் பெற்றவர்கள். எட்டு அங்குல உயரத்தில் முக்காலி போட்டு ஒருமுறை உட்காரவைத்துப் பாருங்கள். ஹோமகுண்டம் வைக்கும் இடத்துக்கு நேர் மேலே புகை உணரி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்து, இருந்தால் மேனேஜரிடம் அன்றே பேசுங்கள். கல்யாணத்தின் நடுவில் அலாரம் அடித்தால் அதை நிறுத்த ஆள் தேட வேண்டியிருக்கும்.

இதே வெள்ளிக்கிழமையில் மாப்பிள்ளை அழைப்பையும் திணிக்காதீர்கள். சனி காலை 8 மணிக்கு மண்டப வாசலில் அழைப்பை வைத்து, அப்படியே முகூர்த்தத்துக்குப் போய்விடலாம்.

பில்லும்_வரியும்

உங்கள் மகன் சொல்வதுதான் சரி. கல்யாணத்துக்கு முதல் நாள் வீட்டில் சமையல் வைத்தால், அன்று மாலை சம்பந்திகளோடு உட்கார்ந்து பேச வேண்டிய நீங்கள் அடுப்புக்கும் தோட்டத்துக்கும் நடந்துகொண்டிருப்பீர்கள். அந்த டின்னரின் உபயோகமே அந்தப் பேச்சுதான்.

தனி அறை உள்ள ரெஸ்டாரண்ட் பாருங்கள். விலை சொல்லும்போது தலைக்கு 60 டாலர் என்பார்கள். கணக்கு இப்படிப் போகும்: 42 பேருக்கு 2,520. அதன் மேல் 22 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், 554.40. டல்லாஸ் வட்டாரத்தில் விற்பனை வரி 8.25 சதவீதம். சர்வீஸ் சார்ஜுக்கும் சேர்த்து வரி போட்டால் 253.64. மொத்தம் 3,328 டாலருக்குக் கொஞ்சம் மேல், அதாவது தலைக்கு 79. மதுபானம் இன்னும் சேரவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த சர்வீஸ் சார்ஜ் பரிமாறுகிறவர்களுக்குப் போகிறதா, நிர்வாகத்துக்கா என்று கேளுங்கள். நிர்வாகத்துக்கு என்றால் டிப்ஸ் தனி.

அறைக்கு வாடகை இல்லை, குறைந்தபட்ச பில் 3,000 டாலர் என்பார்கள். அந்த 3,000 பெரும்பாலும் வரியும் சர்வீஸ் சார்ஜும் சேராத தொகை. உங்கள் சாப்பாடு 2,520தான் வருகிறது என்றால் மீதி 480ஐச் சும்மா கட்டுவதற்குப் பதில் இனிப்பையும் குடிவகையையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாருக்கு தலைக்கு இவ்வளவு என்ற பேக்கேஜ் வேண்டவே வேண்டாம். நம் பக்கத்தில் பாதிப்பேர் குடிக்க மாட்டார்கள், தாத்தா குடித்த ஆரஞ்சு ஜூஸுக்கும் அதே காசு போகும். குடித்ததற்கு மட்டும் பில் என்று எழுதிக்கொள்ளுங்கள், பீரும் வைனும் மட்டும் என்று வரம்பு வையுங்கள். குடிப்பவர்கள் 22 பேர் என்றால் இரண்டேகால் மணி நேரத்தில் ஆளுக்கு மூன்று கிளாஸ், 66 கிளாஸ். ஒரு பாட்டிலில் ஐந்து கிளாஸ். பாதிப்பேர் பீர் என்றால் வைன் ஏழு பாட்டில். மறுநாள் இரண்டு கல்யாணம் இருக்கிறது, அதற்கு மேல் யாருக்கும் நல்லதில்லை.

எண்ணிக்கையை மூன்று நாள் முன்போ ஐந்து நாள் முன்போ உறுதி செய்யச் சொல்வார்கள். அதற்குப் பிறகு குறைக்க முடியாது, கூட்டலாம். அதனால் சந்தேகமான ஒருவர் இருவரைச் சேர்க்காமல் 40 என்று கொடுங்கள்.

அடுப்படி

சாப்பாட்டுக்கு என் யோசனை: நம் ரெஸ்டாரண்டும் வேண்டாம், ஸ்டேக் ஹவுஸும் வேண்டாம், டெக்ஸ்-மெக்ஸ், அதாவது டெக்சஸும் மெக்சிகோவும் கலந்த சமையல். மறுநாள் காலை வாழை இலை விருந்து எப்படியும் வருகிறது. முதல் நாள் இரவும் சாம்பார் என்றால் அவர்கள் பக்கத்தில் பாதிப்பேர் பசியோடு போவார்கள். பீன்ஸ், சாதம், சப்பாத்தி மாதிரி டார்டியா, காரச் சட்னி மாதிரி சால்சா என்றால் நம் பெரியவர்களும் கை வைப்பார்கள், அவர்களுக்கோ அது ஊர்ச் சாப்பாடு.

ஆனால் சைவம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். சாதத்தைக் கோழி வேகவைத்த தண்ணீரில் வேகவைப்பது அங்கே சர்வ சாதாரணம். மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு போடும் கடைகள் உண்டு, மாவு டார்டியாவிலும் அதே. சீஸ் என்சிலாடாவின் (சீஸ் வைத்துச் சுருட்டிய டார்டியா) மேல் ஊற்றும் சில்லி கிரேவியில் மாட்டிறைச்சி இருக்கலாம். சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி. பச்சை பீன்ஸில் பேக்கன் (பன்றி இறைச்சி) தூள். மெனுவை வரிசையாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் "எந்தக் கொழுப்பு, எந்தத் தண்ணீர்" என்று செஃபிடமே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். கருப்பு பீன்ஸ், தண்ணீரில் வெந்த சாதம், சோள டார்டியா, குடைமிளகாய் வெங்காயம் வதக்கல், குவாகமோலி (அவகாடோ மசியல்), இவை பொதுவாகத் தப்பிக்கும். வதக்கும் கல்லைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள். வெங்காயம் பூண்டு சேர்க்காத பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் அவர்களுக்கு மட்டும் வீட்டிலிருந்து தயிர்சாதம். வெளிச் சாப்பாடு கொண்டுவர அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டால் மூன்று டப்பாவுக்கு யாரும் மறுப்பதில்லை.

நம் பக்கத்து அடையாளம் ஒன்று வேண்டும் என்றால் கடைசியில் பாயசமும் காபியும். பாயசம் தலைக்கு 100 மில்லி, 4 லிட்டர் சொச்சம். சேமியா பாயசம் நிற்க நிற்க இறுகும், சேமியா பாலைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு லிட்டர் சூடான பாலை ஃபிளாஸ்கில் தனியாக வைத்துப் பரிமாறும்போது ஊற்றித் தளர்த்துங்கள். முந்திரியைப் பாயசத்துக்குள் போடவே வேண்டாம், நெய்யில் வறுத்துத் தனிக் கிண்ணத்தில். முந்திரி ஒவ்வாமை விளையாட்டல்ல. காபி இரவு எட்டு மணிக்குப் பாதிப்பேர்தான் குடிப்பார்கள், 25 டம்ளர். டம்ளருக்கு 30 மில்லி டிக்காஷன், மொத்தம் 750 மில்லி. கால் கிலோ தூள் போதும்.

ஒவ்வாமைப் பட்டியலை அழைப்போடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் 2023 ஜனவரியிலிருந்து எள்ளும் முக்கிய ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கிறது. நமக்கு அது நல்லெண்ணெயாகவும் இட்லிப் பொடியாகவும் உள்ளே வந்துவிடும், யாரும் எள் என்று நினைப்பதில்லை. கோதுமை ஆகாதவர்களுக்கு இட்லி சாம்பார் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்பார்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். இது மறுநாள் கல்யாணச் சமையலுக்கும் பொருந்தும்.

பிளேனோ_அம்மா

அருமை, எழுதி வைத்துக்கொண்டேன். என் கணவர் தோசையை விடமாட்டேன் என்கிறார். சூடாகக் கண் முன்னால் சுட்டால் அமெரிக்கர்களுக்குப் பிடிக்குமாம். அந்த 26 பேர் விஷயத்தையும் யாரும் தொடவில்லையே?

அடுப்படி

பிடிக்கும், மறுக்கவில்லை. கணக்கைப் பாருங்கள்: ஒரு தோசைக்கு இரண்டு நிமிடம். ஒரே கல் என்றால் 42 தோசைக்கு 84 நிமிடம், ஆளுக்கு ஒன்றுதான். முதலில் வாங்கியவர் இரண்டாவதுக்கு வந்து நிற்பார், கடைசி ஆள் வெறும் தட்டோடு நிற்பார். தோசை வேண்டும் என்றால் இரண்டு பெரிய கல், இரண்டு ஆள், சிறு தோசை, பக்கத்தில் பசியாற வேறு சாப்பாடு. வடை என்றால் இன்னும் மோசம், மூடிய அலுமினிய ட்ரேயில் அரைமணி நேரத்தில் ஆவி பட்டு நமுத்துவிடும்.

வீட்டில்தான் என்று முடிவானால் சூடுதான் பெரிய பிரச்சினை. சூடாக இருக்க வேண்டியது 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகக்கூடாது, அப்படிப் போய் இரண்டு மணி நேரம் வெளியில் இருந்ததைக் கொட்டிவிட வேண்டும். சாப்பாட்டைச் சூடு ஆறாமல் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வைக்கும் எரிபொருள் டின்னில் இரண்டு மணி நேர வகையும் ஆறு மணி நேர வகையும் உண்டு, வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். பெரிய ட்ரேக்கு இரண்டு டின். கீழே உள்ள தட்டில் ஊற்றும் தண்ணீர் கொதிநீராக இருக்கட்டும். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அது சூடேறுவதற்குள் பந்தி முடிந்துவிடும்.

ஊர்விருந்து

மேலே எழுதியவர்கள் எல்லோரும் கணக்கில் கெட்டிக்காரர்கள். எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. சென்னையிலிருந்து இருபது மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வந்த அத்தையிடம் "இன்று இரவு விருந்து உங்களுக்கு இல்லை" என்று சொல்லும் வழக்கம் நமக்கு இல்லை. வெளியூரிலிருந்து வந்தவர்களையும் ரிஹர்சல் டின்னருக்குக் கூப்பிடுவது அமெரிக்கர்களிடமும் உண்டு. 68 பேருக்கே போடுங்கள், சாப்பாட்டை எளிமையாக்குங்கள்.

பில்லும்_வரியும்

ஐயா, 68 பேர் ஆனால் அது ரிசப்ஷன். தனி அறை போய் ஹால் வேண்டும், மைக் வேண்டும், இரண்டு குடும்பம் பேசிக்கொள்வது போய் இரண்டு குடும்பமும் வரிசையில் நிற்கும். நடுவழி இருக்கிறது. அந்த 26 பேரும் ஒரே ஹோட்டலில்தானே தங்குவார்கள்? அங்கே சின்ன மீட்டிங் அறை எடுத்து 6 மணிக்கு இட்லி, பொங்கல், தயிர்சாதம் ட்ரேயில் வரவழையுங்கள். குடும்பத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் அங்கே நின்று உபசரிக்கட்டும். டின்னர் 8:30க்கு முடிந்ததும் மணமக்களும் பெற்றோரும் நேராக அந்த ஹோட்டலுக்கு வந்து அரைமணி நேரம் காபியும் முறுக்குமாக உட்காருங்கள். இதை வெறும் வாய்ச்சொல்லாக விடாமல் அழைப்பிதழோடு வரும் சீட்டில் அச்சிட்டுவிடுங்கள்: வெள்ளி மாலை ஹோட்டலில் சிற்றுண்டி, இரவு 8:45க்கு மணமக்களோடு காபி. அச்சில் வந்தால் அது தனி அழைப்பு ஆகிவிடும், விட்டுவிட்டார்கள் என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஊர்விருந்து

அப்படியானால் சரி. ஒன்று மட்டும். அக்டோபரில் டல்லாஸுக்கும் சென்னைக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். இங்கே மாலை ஆறு, அங்கே விடிகாலை நாலரை. புதன்கிழமை வந்திறங்கிய பெரியவர்கள் வெள்ளி இரவு எட்டு மணிக்கு நாற்காலியிலேயே தூங்குவார்கள். முடிந்தால் திங்கள்கிழமைக்குள் வரவழையுங்கள். 42 பேரில் உள்ள தாத்தா பாட்டிகளுக்கு 6:15க்கே தட்டு போகட்டும், உயரமான காக்டெயில் மேஜை பக்கம் அவர்களை உட்கார வைக்காதீர்கள், பாத்ரூமுக்கு அருகில் இடம். அவர்களைக் கூட்டிக்கொண்டு போக 7:45க்கு ஒரு கார் தயாராக நிற்கட்டும்.

ஒத்திகை_ஒழுங்கு

உட்காரும் இடத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. விட்டுவிட்டால் தமிழர்கள் ஒரு பக்கம், அமெரிக்கர்கள் ஒரு பக்கம் தானாகவே பிரிந்துவிடுவார்கள். ஏழு பேர் வீதம் ஆறு மேஜை. ஒவ்வொன்றிலும் இரண்டு மொழியும் பேசும் ஒருவர், அவர் உங்கள் தாத்தாவுக்கும் அவர்கள் பாட்டிக்கும் நடுவில். பெயர் அட்டையில் பெயருக்குக் கீழே உறவையும் ஆங்கிலத்தில் விளக்கமாகப் போடுங்கள்: மணமகனின் அம்மாவுடைய தம்பி, மணமகளின் கல்லூரித் தோழி என்று. பேச்சு தொடங்க அதுவே போதும்.

பேசுபவர்கள் ஆறு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். விருந்து கொடுப்பவர் நீங்கள் என்பதால் முதலில் உங்கள் கணவர், இரண்டே நிமிடம், வரவேற்பு. அடுத்து பெண்ணின் பெற்றோர். பிறகு உடன்பிறந்தவர்கள், ஒரு தாத்தா, கடைசியில் மணமக்கள் நன்றி சொல்லித் தோழர் தோழியருக்குப் பரிசு கொடுப்பது. மாப்பிள்ளைத் தோழனும் முதல் தோழியும் மறுநாள் ரிசப்ஷனில் பேசுவார்கள், இங்கே அவர்களை எழுப்ப வேண்டாம். அதே கதை இரண்டு முறை வரும். யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று மைக்கைத் திறந்துவிடவே கூடாது. ஆங்கிலத்தில் மூன்று நிமிடம் என்பது எழுத்தில் ஏறத்தாழ 400 வார்த்தை, எழுதி வைத்திருப்பவர்களிடம் அந்த அளவைச் சொல்லுங்கள். தாத்தா தமிழில் பேசினால் வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிப்பாகும். மொழிபெயர்ப்பை முன்பே அச்சடித்து மேஜைக்கு இரண்டு தாள் வைத்துவிட்டு, அவரைத் தடையில்லாமல் பேச விடுங்கள்.

படக்காட்சி போடுவதானால் 50 படம், ஒன்றுக்கு ஐந்து வினாடி, நாலு நிமிடம் சொச்சம். அதற்கு மேல் போனால் தன் படம் எப்போது வரும் என்று பார்ப்பவர்கள் மட்டும்தான் பார்ப்பார்கள். எச்டிஎம்ஐ கேபிளும் உங்கள் லேப்டாப்புக்கான இணைப்பும் நீங்களே கொண்டுபோங்கள். ஒலி திரையிலிருந்து வருகிறதா, அறை ஸ்பீக்கரிலிருந்தா என்று வியாழக்கிழமையே போய்ப் பாருங்கள்.

ரிப்பன் பூச்செண்டு என்று ஒன்று கேட்பார்கள், குழம்ப வேண்டாம். பிரைடல் ஷவரில் (கல்யாணத்துக்கு முன் பெண்ணுக்குப் பரிசு கொடுக்கும் விருந்து) வந்த பரிசுகளின் ரிப்பன்களைச் சேர்த்துக் கட்டிய செண்டு, ஒத்திகையில் பெண் கையில் பிடிப்பதற்கு. தோழிகள் பார்த்துக்கொள்வார்கள்.

பிளேனோ_அம்மா

ரொம்ப நன்றி. கணவர் இறங்கி வந்துவிட்டார், டெக்ஸ்-மெக்ஸ்தான். ஹோட்டல் யோசனை எனக்கு நிம்மதி. கடைசியாக ஒன்று: திருமண லைசென்ஸை யார் கொண்டு வரவேண்டும், எப்போது?

ஒத்திகை_ஒழுங்கு

மணமக்கள் இருவரும் கவுன்டி (மாவட்ட) கிளார்க் அலுவலகத்துக்கு நேரில் போய் வாங்க வேண்டும். டெக்சஸில் லைசென்ஸ் வாங்கி 72 மணி நேரம் ஆன பிறகுதான் கல்யாணம் நடத்தலாம். சில விலக்குகள் உண்டு, அவற்றை நம்ப வேண்டாம். 90 நாளில் காலாவதியாகும். அதனால் கல்யாணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு போகச் சொல்லுங்கள், அந்த வாரத்தில் வேண்டாம்.

இரண்டு கல்யாணம் நடந்தாலும் சட்டப்படி கையெழுத்து ஒருவருடையதுதான். வாத்தியாரா பாதிரியாரா என்று இப்போதே முடிவு செய்து இருவரிடமும் சொல்லிவிடுங்கள், ஒருவர் போட்டிருப்பார் என்று மற்றவர் நினைத்துக்கொள்வது நடக்கக்கூடியதுதான். வெள்ளிக்கிழமை டின்னருக்கு லைசென்ஸை உறையில் போட்டுக் கொண்டுவந்து, கையெழுத்திடப் போகிறவர் கையில் அங்கேயே கொடுங்கள். அவர் கையெழுத்திட்ட பிறகு 30 நாளுக்குள் அது கிளார்க் அலுவலகத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். தபாலில் போடுவது அவரா உங்கள் மகனா என்பதையும் உறையின் மேலேயே எழுதிவிடுங்கள்.